"வயித்துக்குள்ள பாம்பு இருக்கு சிஸ்டர்": க்ளோசபின் எடுத்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக எட்டு வருடம் முடிந்துவிட்டது. இந்தக் கேஸை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நடந்த தவறில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதுதான் காரணம். ஆள் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக வயது, தொழில், நாள் கணக்கு இவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 38 வயது, கல்யாணம் ஆகவில்லை. கரிசல் காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர், விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 22 வயதில் நோய் ஆரம்பித்தது. தறி ஓடும் சத்தத்துக்குள்ளே பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைத் திட்டுவது கேட்கிறது என்பார், தறி நின்ற பிறகும் அது நிற்காது. மனச்சிதைவு நோய் என்று உறுதியாகி, ரிஸ்பெரிடோன் முழு அளவில் கொடுத்துப் பார்த்து, அப்புறம் ஓலன்சபினும் பார்த்து, இரண்டிலும் குரல்கள் அடங்கவில்லை. இப்படி இரண்டு மருந்தைப் போதுமான அளவில் போதுமான வாரங்கள் கொடுத்தும் கேட்காதவர்களுக்குத்தான் க்ளோசபின். அதைத் தொடங்குவதற்காகவே வார்டில் சேர்த்தார்கள், துணைக்கு அம்மா.

க்ளோசபினை எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுக்க முடியாது. 12.5 மி.கி.யில் ஆரம்பித்து நாடி, பி.பி., காய்ச்சல் எல்லாம் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கூடவே வாராவாரம் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை. 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து 8 பேர் இறந்தார்கள், அதன் பிறகு பல நாடுகளில் மருந்தையே ஒதுக்கி வைத்தார்கள். வேறு எதுவும் கேட்காதவர்களுக்கு இது கேட்கிறது என்று 1988-இல் வந்த ஆய்வு காட்டியதால்தான், இரத்தப் பரிசோதனைக் கட்டாயத்தோடு திரும்பி வந்தது. அந்தப் பயம் இன்னும் எங்களிடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எங்கள் வார்டில் க்ளோசபின் நோயாளிகளின் வெள்ளணுக் கணக்குக்குத் தனி நோட்டு உண்டு, சிவப்பு மையில் எழுதுவோம், ஒரு வாரம் விட்டுப்போனால் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். மோஷன் போனாரா என்பதற்கு நோட்டு கிடையாது.

நாலாவது வாரத்தில் 300 மி.கி.க்கு வந்தார். குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. "ராத்திரி எந்திரிச்சு ஒக்காந்து பேசல தாயி, எனக்கு அதுவே போதும்" என்றார் அம்மா. எச்சில் ஒழுகல் மட்டும் அதிகம், தலையணை நனையும், அம்மா ஒரு துண்டை நாலாக மடித்துக் கன்னத்துக்கு அடியில் வைத்திருப்பார். பழைய மருந்துகளின் காலத்தில் கை நடுக்கத்துக்காக எழுதிய டிரைஹெக்ஸிஃபெனிடில், வார்டு பேச்சில் டி.எச்.பி., இருவேளையும் தொடர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் போய்விட்டது, ஆனாலும் எச்சிலுக்கு ஆகட்டும் என்று யாரும் நிறுத்தவில்லை. அது இன்னும் எதற்கு என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

23-ஆம் நாள் காலையில் மாத்திரை கொடுக்கும்போது சொன்னார், "வயித்துக்குள்ள பாம்பு சுருண்டு படுத்திருக்கு சிஸ்டர்."

நான் ரிப்போர்ட் புக்கில் எழுதியது இது (டெலூஷன் என்றால் நோயால் வருகிற பொய்யான நம்பிக்கை): "வயிற்றில் பாம்பு இருப்பதாகச் சொல்கிறார். டெலூஷன் தொடர்கிறது. மாத்திரை கொடுக்கப்பட்டது. சாப்பாடு பாதி. மலம், சிறுநீர் நார்மல்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. முந்தைய ஷிஃப்டில் நார்மல் என்று இருந்தது, நானும் நார்மல் என்று எழுதினேன், எனக்கு அடுத்து வந்தவரும் அப்படியே எழுதினார். மூன்று நாள், ஒன்பது ஷிஃப்ட், ஒன்பது நார்மல். பாம்பும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறியது. ஒரு ஷிஃப்டில் அது "உடல் சார்ந்த டெலூஷன்" ஆனது, அடுத்ததில் "மருந்தை இன்னும் ஏற்றலாமா, டாக்டரிடம் கேட்கவும்" என்று ஆனது.

பழைய கேஸ் ஷீட்டை ஒரு தடவை புரட்டியிருந்தாலே போதும். 16 வருடத்தில் அவர் சொன்னதெல்லாம் வெளியே இருந்து வருகிற சமாச்சாரம்: பக்கத்து வீடு, தறி, திட்டு. தன் உடம்பைப் பற்றி ஒரு நாளும் அவர் எதுவும் சொன்னது கிடையாது. புது மருந்து ஆரம்பித்த நாலாவது வாரத்தில், மற்றதெல்லாம் குறைந்துகொண்டு வருகிற நேரத்தில், வயிற்றில் மட்டும் புதிதாக ஒன்று முளைக்கிறது என்றால் முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். நோய் குறையும்போது டெலூஷன் மட்டும் எப்படிக் கூடும் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த இரவு

26-ஆம் நாள், எனக்கு நைட் டியூட்டி. பதினொன்றரை மணிக்கு பி.பி. பார்க்கப் போனேன். ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுப் பக்கமாக மடக்கிப் படுத்திருந்தார். லுங்கி முடிச்சு இடுப்பில் இல்லை, தொப்புளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. மெலிந்த மனிதர், விலா எலும்பை எண்ணிவிடலாம், அவருக்கு லுங்கி ஏன் இவ்வளவு கீழே இறங்க வேண்டும்? அம்மாவிடம் கேட்டேன். "இடுப்புல கட்டுனா வலிக்குதுங்கான். நாலு நாளா அவுத்து அவுத்துக் கட்டுறேன் தாயி."

கையை வைத்துப் பார்த்தேன். மத்தளம் போல இருந்தது. விரலால் தட்டினால் காற்றுச் சத்தம், இடது பக்கம் கீழே மட்டும் கல் மாதிரி நீளமாக ஒரு உருளை கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்டெத் வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்ததில் மெல்லிசாக ஒரே ஒரு சத்தம். "மோஷன் என்னைக்குப் போனாருமா?" என்று கேட்டேன். அம்மா விரல்விட்டு எண்ணினார். ஆறு நாள்.

"நீங்க தெனமும் எழுதிக்கிட்டுத்தான போறீக, பாத்துக்கிடுவீகன்னு நெனச்சேன்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பியிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் வாந்தி எடுத்தார், பழுப்பு நிறம், நாற்றம். நாடி 118, பி.பி. 100/60, லேசான காய்ச்சல்.

டியூட்டி டாக்டருக்கு போன் செய்தேன். பதற்றத்தில் முதலில் வாயில் வந்தது, "சார், அந்தப் பாம்பு பேஷன்ட் வயிறு வலின்னு சொல்றார்." காலையில் பார்க்கலாம், தூக்கத்துக்கு ஒரு ஊசி போடுங்கள் என்றார். வைத்துவிட்டேன். அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவர் அடங்கிப் போயிருப்பார், காலைக்குள் குடலும் கிழிந்திருக்கலாம். ஊசி போடவில்லை. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டாவது முறை கூப்பிட்டேன்: "க்ளோசபின் 300 மி.கி., கூட டி.எச்.பி., ஆறு நாளாக மலம் இல்லை, வயிறு ஊதி இறுகியிருக்கிறது, குடல் சத்தம் மிகக் குறைவு, பழுப்பு வாந்தி, நாடி 118. குடல் அடைப்பு என்று சந்தேகப்படுகிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." பத்து நிமிடத்தில் வந்தார், வந்து வயிற்றில் கை வைத்தவுடன் சர்ஜரிக்குச் சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் போனில் நான் அவருக்குக் கொடுத்தது ஒரு மனநோயாளியின் பேச்சை மட்டும்தான், இரண்டாவது போனில்தான் ஒரு உடம்பைக் கொடுத்தேன்.

எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்க மலம், அதற்கு மேலே குடல் வளையம் வளையமாகக் காற்றில் ஊதியிருந்தது. உதரவிதானத்துக்கு அடியில் காற்று இல்லை, அதாவது இன்னும் ஓட்டை விழவில்லை. பொட்டாசியம் 3.0, அது குறைந்தாலும் குடல் மந்தமாகும்.

எக்ஸ்ரே ஃபிலிமை ட்ராலியில் அவர் கால்மாட்டில் வைத்திருந்தோம். அவர் அதை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊதிய வளையத்தில் விரல் வைத்து, "இதத்தான் மூணு நாளா சொல்றேன்" என்றார்.

சர்ஜரி வார்டில்

வாய்வழி எதுவும் இல்லை, மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப், ட்ரிப்ஸ், பொட்டாசியம், மணிக்கு மணி சிறுநீர் அளவு, எனிமா, பிறகு கையால் மலத்தை உடைத்து எடுத்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் மாலையில் வயிறு தளர்ந்தது.

மருத்துவம் சரியாக நடந்தது, கவனிப்பில்தான் சிக்கல் வந்தது. சைக்கியாட்ரி கேஸ் என்பதால் கட்டில் கடைசி மூலையில் போட்டிருந்தார்கள், நர்ஸ் மேசையில் இருந்து பார்த்தால் தெரியாது. ட்யூபைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அந்த ட்யூப் எதற்கு என்று அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மூக்குக்குள் என்னவோ விடுகிறார்கள், காரணம் தெரியாது, ஏற்கெனவே ஊரே தனக்கு எதிரி என்று 16 வருடம் நம்பியவர், பிடுங்கத்தானே செய்வார்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதில் தெளிவாக இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, எவ்வளவு குறைந்த நேரம் முடியுமோ அவ்வளவு நேரம்தான் கட்டி வைக்கலாம் என்கிறது 97-ஆவது பிரிவு. உடல் நோய்க்காரர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான கவனிப்பு மனநோய் உள்ளவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது 21-ஆவது பிரிவு. எங்கள் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, கட்டை அவிழ்த்து, கட்டிலை முன்னால் இழுத்துப் போட்டோம்.

அவரிடம் என்ன சொல்வது என்பதில் எனக்கே தயக்கம் இருந்தது. பாம்பை வெளியே எடுக்கத்தான் இந்த ட்யூப் என்று சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்கு ஒத்துழைப்பார், ஆனால் அது பொய், அப்புறம் நானே அந்த நம்பிக்கைக்கு சாட்சி ஆகிவிடுவேன். பாம்பெல்லாம் கிடையாது என்று அடித்துப் பேசினால் வலியையும் சேர்த்து மறுத்த மாதிரி ஆகும், அதைத்தான் மூன்று நாள் செய்திருந்தோம். கடைசியில் இப்படிச் சொன்னேன்: "அண்ணா, உங்களுக்கு வலி இருந்தது நிஜம், நாங்கதான் பாக்காம விட்டோம். ஆறு நாள் மலம் கட்டி நின்னு குடல் ஊதிருச்சு, எக்ஸ்ரேல நீங்க காட்டுன எடம் அதுதான். இந்த ட்யூப் வழியா காத்தும் தண்ணியும் வெளிய வந்தா வாந்தி நிக்கும். நாளைக்கு எடுத்துருவாங்க." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அதற்குப் பிறகு ட்யூபைத் தொடவில்லை. மறுநாள் எடுக்க முடியவில்லை, ஒரு நாள் தள்ளிப்போனது, அதையும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

க்ளோசபின் ஐந்து நாள் நின்றுபோனது. குரல்கள் திரும்ப வந்தன. ஆறாம் நாள் மருந்துத் தாளில் பழைய ஷீட்டைப் பார்த்து 300 என்றே எழுதியிருந்தது. இதை நர்ஸுகள் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: 48 மணி நேரத்துக்கு மேல் க்ளோசபின் விட்டுப்போனால் மறுபடியும் 12.5-இல் இருந்துதான் ஏற வேண்டும். நேராக முழு அளவு கொடுத்தால் பி.பி. விழுந்துவிடும், வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, கொடுக்காமல் போன் செய்து கேட்டேன். மாற்றி எழுதினார்கள்.

ஏன் இப்படி ஆனது

க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. நியூசிலாந்தில், வெலிங்டன் பக்கத்தில் போரிருவாவில் நடந்த ஆய்வில், க்ளோசபின் எடுப்பவர்களின் பெருங்குடலைக் கழிவு கடக்க சுமார் 104 மணி நேரம் ஆனது. மற்ற மனநோய் மருந்துகளை எடுத்தவர்களுக்கு 23 மணி நேரம். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்ன பலருக்கும் குடல் மந்தமாகத்தான் இருந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றிய எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. இதனோடு டி.எச்.பி. சேர்ந்தால், அதுவும் குடலைக் கட்டும் மருந்துதான், இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி.

அப்புறம் பீடி. ஊரில் அவர் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பிடிப்பவர், வார்டில் கிடையாது. பீடி, சிகரெட் புகையில் இருக்கும் பொருள்கள் க்ளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும், புகை நின்றால் அந்த வேகம் குறைந்து இரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்கு வரை கூட உயரலாம். அதனால் இவர் உடம்பில் 300 மி.கி. நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வேலை செய்திருக்க வேண்டும். இன்னொன்றும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது: காலையில் கடுங்காப்பி குடித்து, பீடி ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனால்தான் அவருக்கு மோஷன் வரும், இருபது வருடப் பழக்கம்.

அதைவிட எனக்கு அதிகம் உறைத்தது கழிவறைக் கதவு. எங்கள் வார்டில் கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, யாரும் உள்ளே பூட்டிக்கொண்டு தற்கொலைக்கு முயலக்கூடாது என்று கழற்றி வைத்திருக்கிறார்கள், காரணம் நியாயமானதுதான். ஆனால் எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று பயப்படுகிற ஒருவர் தாழ்ப்பாள் இல்லாத அறையில் எப்படி உட்காருவார்? சர்ஜரியில் இருந்து திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து பேசியபோது சொன்னார், இரண்டு தடவை போயிருக்கிறார், இரண்டு தடவையும் யாரோ கதவைத் தள்ளியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு போகவில்லை. போக வேண்டி வரக்கூடாது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த பிறகு

டி.எச்.பி. நிறுத்தினார்கள். க்ளோசபினோடு முதல் நாளில் இருந்தே மலமிளக்கியும் எழுதினார்கள்: சென்னா மாத்திரை, தேவைப்பட்டால் லாக்டுலோஸ் சிரப். போரிருவாவில் வகுத்த முறையிலும் சென்னாதான் முக்கியம். சென்னா என்பது வேறொன்றும் இல்லை, நம் ஊர் நிலாவாரை, திருநெல்வேலிப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற இலை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அந்த மாத்திரை மேல் ஒரு நம்பிக்கை வந்ததைப் பார்த்தேன். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கித் தானாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இசப்கோல் வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னேன். நம் வீடுகளில் மலச்சிக்கல் என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான், ஆனால் அது மலத்தின் பருமனைக் கூட்டும், நகராத குடலில் பருமன் கூடினால் அடைப்புதான் பெரிதாகும்.

காலை ஆறு மணிக்கு வெந்நீர், கடுங்காப்பி ஒரு தம்ளர். அரை மணி கழித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போய், ஆண் உதவியாளர் ஒருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்பார். பதினைந்து நிமிடம், யாரும் அவசரப்படுத்தக்கூடாது. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை, உதவியாளருக்கும் சலிப்பு, எனக்கும் கவலை. நாலாம் நாள் போனார். கேட்கிற விதத்தையும் மாற்றினோம். "மலம் நார்மலா?" என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்குப் போனீங்களா, ஆட்டுப்புழுக்கை மாதிரியா, வாழைப்பழம் மாதிரியா, தண்ணியாவா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்கிறார்கள். வாரம் இரண்டு நாள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதும், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடுப்பதும் சேர்த்தோம். சிவப்பு மை நோட்டில் வெள்ளணு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய உடல் நோய்களால். ட்ரெயினிங்கில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

225 மி.கி.யில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம். பீடியைப் பற்றி அம்மாவிடமும் அவரிடமும் தனித்தனியாகப் பேசினேன்: திரும்பப் பிடிக்க ஆரம்பித்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கும், குரல் திரும்ப வரலாம், அதனால் பிடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். அவர் இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து பிடிக்கிறார், சொல்லிவிட்டுத்தான் பிடிக்கிறார், டாக்டர் அதை வைத்து அளவைப் பார்த்துக்கொள்கிறார். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வர வேண்டும், இரண்டு நாள் மோஷன் இல்லையென்றால் சிரப், மூன்றாம் நாளும் இல்லை என்றாலோ வயிறு ஊதி வாந்தி வந்தாலோ உடனே பஸ் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நகைக்கடை மாதக் காலண்டர் ஒன்றைக் கொடுத்து, மகன் மோஷன் போன நாளில் மட்டும் கட்டத்துக்குள் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் அதைச் சுருட்டி மஞ்சப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவார். போன முறை மேசையில் விரித்துப் பார்த்தோம். 14, 15 இரண்டு கட்டமும் காலி. 14-ஆம் தேதி காத்திருந்து, 15-ஆம் தேதி ராத்திரி சிரப் கொடுத்ததாகச் சொன்னார். 16-ஆம் தேதிக் கட்டத்தில் மற்றதைவிடப் பெரிய பொட்டு ஒன்று இருந்தது.

"அன்னைக்கு எனக்கும் சேத்துத்தான் வச்சேன் தாயி" என்றார்.